பச்சோந்திக் கூண்டில் சூடு வேறு, யுவிபி வேறு

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடி வீடு. ஏமன் நாட்டு வெய்ல்டு பச்சோந்தி ஒன்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து வளர்க்கிறோம். வலைக்கூண்டின் மேல் 100 வாட் குண்டு பல்பு வைத்திருக்கிறோம். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வெயில் விழுகிறது. மதியமானால் வெளிறிப்போய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அதற்குச் சூடு தாங்கவில்லை. 100 வாட் பல்பை இன்றே கழற்றிவிட்டு, கூண்டை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். அறை குளிர்ந்த பிறகும் வாய் திறந்தே இருந்தால் அது மூச்சுக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காலையில் உடம்பைக் கருக்கி, பட்டையாக்கி, விளக்குப் பக்கம் திருப்பி நின்றால் பயப்பட வேண்டாம், அது வெயில் காய்கிறது.

வளர்ந்த வெய்ல்டுக்கு வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும். நம்மூர் மே மாதத்தில் மாடி அறையே அதைத் தாண்டிவிடும். அந்த நாட்களில் சூடு தரும் பல்பே வேண்டாம், அறையைக் குளிர்விக்கத்தான் வழி பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 40 வாட் பல்பைக் காலையில் சில மணி நேரம் போடலாம். அதையும் வலைமேல் படுக்க வைக்காமல் ஒரு சாண் தூக்கித் தொங்கவிடுங்கள். பச்சோந்தி வலையில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு பல்புக்கு நேர் கீழே வந்துவிடும். தலைக் கொண்டையில் வெள்ளையாகத் தொடங்கிக் கறுத்துப்போகும் புண் பெரும்பாலும் இப்படி வருவதுதான். வெப்பமானியின் முனையைக் கூண்டுச் சுவரில் ஒட்டாமல், கிளையில் அதன் முதுகு இருக்கும் உயரத்தில் கட்டி அளவு பாருங்கள். கூண்டின் கீழ்ப்பாதி இலை அடர்ந்து நிழலாக இருக்கட்டும். வேண்டாமென்றால் அதுவே இறங்கிக்கொள்ளும்.

சூட்டை விட எனக்குப் பெரிய கவலை யுவிபி, அதாவது வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர். ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். குண்டு பல்பிலும் கிடையாது. அது இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, கால் எலும்பு வில்லாக வளையும். வளைந்தது நேராவது அரிது. கூண்டின் நீளத்துக்கு டி5 எச்ஓ (மெல்லிய, அதிக ஒளி தரும் வகை), 6 சதவீத யுவிபி குழல் விளக்கு வாங்குங்கள். சுருள் பல்பு மலிவுதான், ஆனால் வீச்சு ஒரு சின்ன வட்டத்தோடு நின்றுவிடும். கிளையில் உட்காரும்போது முதுகுக்கும் குழலுக்கும் 20–25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். குழல் எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் குறைந்துபோகும்; அதனால் மாட்டிய தேதியை அதன் நுனியில் எழுதி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 12 மணி நேரத்துக்கு டைமர் போட்டுவிடுங்கள். ராத்திரி முழு இருட்டு வேண்டும், சிவப்பு பல்பும் கூடாது.

முடிந்தால் காலை எட்டு மணிக்குள் வலைக்கூண்டோடு மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். பாதிக்கு மேல் நிழல் இருக்க வேண்டும். காக்கை கொத்தும், பூனை வரும். யாராவது கூடவே இருங்கள்.

அப்புறம், கடலூர்ப் பக்கம் வேலிகளில் திரியும் நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து இதற்குத் துணையாக விட்டுவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.