இமயமும் வாழைத்தண்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் "இமயம் எழுந்தது, பருவமழை பிறந்தது" என்று ஒரு வரி வருகிறது. அதைப் பதினோராம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவன் எழுந்து, "மழை மலையைக் கரைக்கும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? இவ்வளவு மழையில் இமயம் இந்நேரம் தேய்ந்திருக்க வேண்டாமா?" என்று கேட்டான். எவரெஸ்ட் இன்னும் உயர்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நாளை சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு புவியியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓசைக்கு ஆசைப்பட்டு எழுதியது. வெப்பமண்டலக் கடலுக்கு வடக்கே பெருநிலம் ஒன்று கிடந்தாலே கோடையில் ஈரக்காற்று நிலத்தை நோக்கித் திரும்பிவிடும். பருவமழை தொடங்க அது போதும். மலை அதைப் பெருக்குகிறது. எப்படிப் பெருக்குகிறது என்பதிலும் நான் படித்த பாடம் பழசாகிவிட்டது. திபெத் பீடபூமி அடுப்புபோலச் சூடேறிக் காற்றை இழுக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். 2010-இல் பூஸ், குவாங் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் பீடபூமியை நீக்கிவிட்டு, இமயத்தையும் அதையொட்டிய மலைவரிசைகளையும் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். தெற்காசியப் பருவமழை பெரும்பாலும் அப்படியே பெய்தது. வடக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று இங்குள்ள ஈர வெக்கையோடு கலந்துவிடாமல் இமயம் மதிலாக நிற்பதுதான் முக்கியம் என்றார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. எனக்கு அடுப்பைவிட மதில்தான் நம்பும்படி இருக்கிறது.

திபெத்தின் நடுவே, இன்று 4,600 மீட்டருக்கு மேல் இருக்கும் லுன்போலா படுகையில், ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனைக்குடும்பத்து மரம் ஒன்றின் இலைகள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. கடும் உறைபனியில் பனை பிழைக்காது. இந்தியா ஆசியாவில் முட்டி அப்போதே இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும் அந்த இடம் இன்றைய உயரத்தை எட்டவில்லை என்றுதானே பொருள்? ஒரே நாளில் எழுந்த இமயம் என்று எதுவும் இல்லை.

இனி உங்கள் மாணவனின் கேள்வி. அதற்கு விடை கிடைத்த கதை நம் பரங்கிமலைப் பக்கம் தொடங்குகிறது. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் அங்கே அடிக்கோடு (மற்ற தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகும் முதல் கோடு) அளந்து தொடங்கிய நில அளவை, பல ஆண்டுகள் கழித்து வட இந்தியாவின் கலியானா என்ற ஊர் வரை போனது. கலியானாவுக்கும் தெற்கிலுள்ள கலியான்பூருக்கும் இடையிலான தொலைவை நிலத்தில் அளந்தபோது ஒரு விடை, விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டபோது இன்னொரு விடை. வேறுபாடு சுமார் 5 விகலை; ஒரு பாகையை 3,600 ஆகப் பகுத்தால் கிடைக்கும் சிறு கோணம்தான் விகலை. விண்மீனின் கோணத்தை அளக்கச் செங்குத்தைக் காட்டிய, கொத்தனாரின் தூக்குக்குண்டு போன்ற அவர்களுடைய குண்டை இமயம் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும். ஆனால் கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டால் 15 விகலைக்கு மேல் வந்தது. இவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஏரி என்ற வானியலாளர் விளக்கம் சொன்னார்: மலை தரைமேல் வைத்த சுமை போன்றதன்று, அடியிலுள்ள அடர்ந்த பாறையில் மிதக்கிறது. வெளியே தெரிவதைவிடப் பெரிய வேர் கீழே அமிழ்ந்திருக்கிறது. அந்த வேர் அடர்த்தி குறைந்த பாறை.

மிதப்பது என்றால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். தோணியிலிருந்து மூட்டையை இறக்கினால் தோணி எழும். ஆறுகள் பாறையை வாரிக்கொண்டு போனால் மலை எழும். சராசரியாக 1 மீட்டர் பாறை போனால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கீழிருந்து திரும்ப வந்துவிடும். சராசரி உயரம் சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் ஆறு பள்ளத்தாக்கைத்தானே அறுக்கிறது? எழும்போதோ சிகரமும் சேர்ந்து எழும். எவரெஸ்ட் அருகே அருண் ஆறு சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன் இன்னோர் ஆற்றின் நீரைத் தன்வசமாக்கிக்கொண்டு வேகமாக அறுக்கத் தொடங்கியதென்றும், அதனால் மட்டும் சிகரம் 15 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்திருக்கலாமென்றும் 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பங்கு உயரம் இந்தியத் தட்டின் தள்ளலால் வந்ததுதான். மழை கொடுத்தது கொசுறு.

1990-இல் மோல்னார் என்ற புவியியலாளரும் இங்கிலாந்து என்ற பெயர் கொண்ட இன்னொருவரும் (நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) இதைப் பிடித்துக்கொண்டு ஒரு குண்டு போட்டார்கள். மலைகள் அண்மையில் உயர்ந்ததால் உலகம் குளிர்ந்தது என்கிறீர்களே, உலகம் குளிர்ந்து அரிப்பு கூடியதால்தான் மலைகள் உயர்ந்ததுபோலத் தெரிகிறதோ? அவர்கள் குறிவைத்தது, 1899-இல் சேம்பர்லின் என்ற புவியியலாளர் தொட்டு, பின்னாளில் மோரீன் ரேமோவும் ரடிமனும் வளர்த்த கருத்தை. கரியமில வாயு கரைந்த மழைநீர் புதுப்பாறையைச் சிதைக்கிறது. கரைசல் கடலுக்குப் போய்ச் சிப்பியாகி, சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. காற்றில் வாயு குறைந்து உலகம் குளிர்கிறது. அழகான கருத்து, ஆனால் முழுதாக நான் நம்பவில்லை. எரிமலைகள் கக்குவதைவிடப் பாறைகள் தின்பது தொடர்ந்து அதிகமாக இருந்தால் சில பத்து லட்சம் ஆண்டுகளில் காற்றில் வாயுவே மிஞ்சாது. குளிர்ந்தால் சிதைவும் மந்தமாகும் என்ற கடிவாளம் இருந்தாக வேண்டும். வங்கக் கடலடியில், இலங்கைக்குத் தெற்கு வரை நீளும் இமயத்து வண்டலில் மரத்துண்டுகள்கூட, காற்றிலிருந்து அவை எடுத்த கரியோடு, புதைந்திருக்கின்றன. பாறை சிதைந்து அடங்கிய கரியைவிட இப்படிப் புதைந்த கரி அதிகம் என்ற கணக்கும் இருக்கிறது.

இது வகுப்புக்கு நீளம். ஒரு தொட்டி நீரில் இரண்டு வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி மிதக்க விடுங்கள். மேலே தெரியும் பகுதியின் உச்சியில் ஒரு குண்டூசி குத்தி, நீர்மட்டத்திலிருந்து அதன் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த மாணவனிடம் கத்தியைக் கொடுத்து, குண்டூசியை விட்டுவிட்டு இரு பக்கமும், நீர்மட்டத்துக்குக் கீழே போகாமல், பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். மறுபடி அளக்கட்டும். உச்சியைச் செதுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பனியாறுகளின் வேலை. அதற்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.