மாட்டுக்கு ஸ்கேன்: ஒரு தடவை பார்த்தால் போதுமா?

கன்று போட்டு ஐந்து மாசமாகியும் கலப்பினப் பசு பருவத்துக்கு வரவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு சினைப்பை வேலை செய்யவில்லை என்கிறார்கள். (மேலூர்)

ஒரே ஸ்கேனை வைத்து அப்படிச் சொல்லக்கூடாது. பருவச் சுற்று சுமார் 21 நாள். பருவத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னிருந்து நாலு நாள் பின்வரை முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் (சி.எல்.) சரியாகத் தெரியாது. உங்கள் பசு அந்த நாட்களில் சிக்கியிருக்கலாம். 10 நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் சி.எல். இல்லையென்றால்தான் சினைப்பை உறங்குகிறது. ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) தெரிகிறதே என்று ஏமாறவும் வேண்டாம். உறங்கும் சினைப்பையிலும் அது வளர்ந்து வளர்ந்து கரையும். மாடு மெலிந்திருந்தால் அடர்தீவனமும் தாது உப்பும் முதலில், ஊசி பிறகு.

ஒரு தடவையாவது சி.எல். தெரிந்தால் அது ஊமைப் பருவம், அதாவது சுற்று நடந்தும் அறிகுறி வெளியே தெரியாதது. மதுரை வெயிலில் பருவ அறிகுறி பகலில் மங்கிவிடும். ராத்திரி படுக்கப் போகுமுன்னும் விடியுமுன்னும் தொழுவத்தை எட்டிப் பாருங்கள்.

புதிதாகக் கையடக்க ஸ்கேன் வாங்கியிருக்கிறேன். திரையில் தெரியும் கறுப்பு வட்டமெல்லாம் ஃபாலிக்கிளா? (திருமங்கலம், கால்நடை மருத்துவர்)

இல்லை, பாதிக் குழப்பம் ரத்தக்குழாயால் வருவது. புரோப்பை (உள்ளே நுழைக்கும் ஸ்கேன் முனையை) மெல்லத் திருப்புங்கள்: குழாய் நீண்டு கோடாகும், ஃபாலிக்கிள் வட்டமாகவே நிற்கும். 7.5 மெகாஹெர்ட்ஸ், ஆழம் 6 முதல் 8 செ.மீ. போதும். சாணத்தை முழுக்க எடுத்த பிறகே புரோப்பை நுழையுங்கள்; காற்று இடையில் நின்றால் படமே வராது. கருப்பை வாயிலிருந்து கொம்பின் வழியே போய்ப் பக்கவாட்டில் திருப்பினால் சினைப்பை வரும். படத்தை நிறுத்தி நீளம், அகலம் இரண்டையும் அளந்து சராசரி எடுங்கள்.

சி.எல். சாம்பல் நிறத்தில், மணல் தூவினாற்போல, ஓரம் தெளிவாக இருக்கும். நடுவே கறுப்புக் குழி இருந்தால் கட்டி என்று எழுதிவிடாதீர்கள். அது இயல்பானதே, அதோடு சினையும் பிடிக்கும். வெயிலில் திரை தெரியாது, தலையோடு சேர்த்துத் துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

சினைப்பைக் கட்டிக்கு ஊசி போட்டும் தீரவில்லை. (வாடிப்பட்டி)

எந்த வகைக் கட்டி என்று பார்த்துப் போட்டார்களா? நீர்ப்பை 25 மி.மீ.க்கு மேல் இருந்து, சி.எல். இல்லாமல், நாள்பட நின்றால் கட்டி. சுவர் 3 மி.மீ.க்குக் குறைவென்றால் ஜிஎன்ஆர்எச் (முட்டை வெளியாகத் தூண்டும் ஹார்மோன் ஊசி), தடித்த சுவரென்றால் புரோஸ்டாகிளாண்டின் (சி.எல். திசுவைக் கரைக்கும் ஊசி). பின்னதைப் போடுமுன் சினை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், இல்லையேல் கன்று விழும். கையை விட்டுப் பிதுக்கி உடைக்கும் பழைய வழக்கத்தை அனுமதிக்காதீர்கள்; ரத்தம் கசிந்து சினைப்பை ஒட்டிக்கொள்ளும்.

புலிக்குளம் நாட்டுமாட்டுக் கிடை. பொலிகாளை கூடவே இருந்தும் சில கிடாரிகள் சினைக்கு நிற்கவில்லை. (உசிலம்பட்டி)

முதலில் சினையா என்று பாருங்கள். 30 நாளிலேயே கருவின் இதயத்துடிப்பு தெரியும். மேய்ச்சலுக்குக் கிளம்புமுன் காலையில் பட்டியிலேயே பார்க்கலாம். பருவத்தில் ஃபாலிக்கிள் 15 மி.மீ. தாண்ட வேண்டும் என்பது சீமை மாட்டுக் கணக்கு. திமில் உள்ள இனங்களில் 10 முதல் 14 மி.மீ.யிலேயே முட்டை வெளியாகும். இரண்டு ஸ்கேனிலும் பொடி ஃபாலிக்கிள்கள் மட்டும் என்றால் கிடாரி இன்னும் பூப்படையவில்லை, உடம்பு தேறட்டும். பலதுக்கும் சி.எல். இருந்து சினை மட்டும் இல்லையென்றால் கிடாரிகளை விட்டுவிட்டு, காளையின் விந்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.