பிக் ஈஸ்ட் டோர்னமென்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும், பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி பற்றிய கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கான்ஃபரன்ஸின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி: 11 அணிகளை நாலு நாளில் எப்படி முடிக்கிறார்கள்?

மொத்தம் 10 ஆட்டம். புதன்கிழமை 8-9, 7-10, 6-11 இடத்து அணிகள் மோதும். முதல் ஐந்து அணிகளுக்கு அன்று ஓய்வு. வியாழன் நாலு காலிறுதி: முதலிடம் 8-9 வென்றவரோடு, 4-ஆம் இடம் 5-ஆம் இடத்தோடு, 2-ஆம் இடம் 7-10 வென்றவரோடு, 3-ஆம் இடம் 6-11 வென்றவரோடு. வெள்ளி அரையிறுதி, சனி இறுதி. அதாவது ஐந்தாம் இடத்துக்கு மூன்று வெற்றி போதும், ஆறாம் இடத்துக்கு நாலு வேண்டும். பிப்ரவரி கடைசியில் 5-ஆம் இடத்துக்கு அத்தனை அடிதடி நடப்பது அதனால்தான்.

வரிசையைத் தீர்மானிப்பது லீக் ஆட்டங்கள் மட்டுமே. நவம்பரில் வெளி அணிகளை வென்றதெல்லாம் இதில் சேராது. சமநிலை வந்தால் முதலில் நேருக்கு நேர் கணக்கு. அதிலும் தீராவிட்டால் பட்டியலின் உச்சியிலிருக்கும் அணிக்கு எதிராக யார் எப்படி ஆடினார் என்று பார்த்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவார்கள்.

கேள்வி: கோப்பை வென்றால் என்சிஏஏ போட்டிக்கு (நாடு தழுவிய கல்லூரிச் சாம்பியன் போட்டி) நேரடி இடமா?

ஆம்.

கேள்வி: தொடர்ந்து ஆடும் அணியின் களைப்பு எதில் தெரியும்?

கால்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து எறியும் பந்துகள் வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பத் தொடங்கினால் கால் சோர்ந்துவிட்டது. அடுத்த அறிகுறி ஃபவுல்: காலை நகர்த்தித் தடுக்க முடியாதவர் கையை நீட்டுவார். மூன்றாவது, பந்து பறிபோனதும் பின்னோக்கி ஓடுவதில் அரை விநாடி தாமதம். நல்ல கோச்கள் ஆளுக்கு ஆள் காவலை விட்டு ஸோனுக்கு (ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) மாறுவதும், முதல் பாதியிலேயே ஒன்பதாவது ஆள்வரை இறக்குவதும் இதற்காகத்தான். 2011-இல் 16 அணிகள் இருந்தபோது, ஒன்பதாம் இடத்து யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றது. அதன் வீரர் கெம்பா வாக்கர் மட்டும் 130 புள்ளி. அதே அணி தேசியக் கோப்பையும் வென்றது. அதை வழக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பாதித் தோல்வியோடு வரும் அணி வென்றாலும் என்சிஏஏ-வுக்குப் போகுமா?

போகும். 2021-இல் எட்டாம் இடத்து ஜார்ஜ்டவுன், பேட்ரிக் யூயிங் பயிற்சியில், இறுதியில் க்ரெய்ட்டனை 73-48 என்று வென்று போனது.

கேள்வி: மூன்று மாதம் முதலிடத்தில் இருந்த அணியை ஒரே இரவு வெளியே தள்ளுவது அநியாயம் இல்லையா? டோர்னமென்டையே ஒழிக்கலாமே?

பிக் ஈஸ்டில் அந்த அநியாயம் இல்லை. முதலிடத்து அணியைத் தேர்வுக்குழு எப்படியும் எடுத்துக்கொள்ளும். வலி சிறிய கான்ஃபரன்ஸ்களில்தான். அங்கே பெரும்பாலும் ஒரே இடம். ஆனால் ஒழிப்பது மருந்தல்ல, அமைப்பை மாற்றுவதே மருந்து. பேட்ரியட் லீக் எல்லாச் சுற்றையும் மேல் இடத்து அணியின் சொந்த அரங்கிலேயே நடத்துகிறது. வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் முதல் இரண்டு அணிகளை நேரே அரையிறுதிக்கு அனுப்பிப் பழகியது. மூன்று மாத உழைப்புக்கு இவை தரும் கூலி நியாயமானது.

மீண்டும் அதே வாசகர்: ஐவி லீக் டோர்னமென்ட் இல்லாமல்தானே நன்றாக இருந்தது?

2017 வரை. பிறகு அவர்களும் தொடங்கினார்கள். ஆனால் எட்டில் முதல் நாலு அணிக்கு மட்டுமே அனுமதி. உங்கள் கவலைக்கு அதுவே பதில். பழைய காலம் நியாயமாக இருந்தது என்றும் நினைக்காதீர்கள். 1974 ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) இறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் ஓவர்டைமில் 103-100 என்று தோற்ற மேரிலாண்ட், நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. கான்ஃபரன்ஸுக்கு ஒரே இடம் என்பதால் வெளியே நின்றது. அடுத்த ஆண்டுதான் இரண்டாவது அணிக்கும் கதவு திறந்தது.

இன்னொருவர்: வென்ற அணிக்கே தகுதி இல்லாவிட்டால்?

அருமையான கேள்வி. இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலேறிய கல்லூரிகள் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். 2022-இல் ஏசன் என்ற கான்ஃபரன்ஸின் கோப்பையை வென்ற பெல்லர்மைன் அப்படிக் காத்திருந்த அணி. இடம் லீக் ஆட்டங்களில் முதலிடம் பெற்ற ஜாக்சன்வில் ஸ்டேட்டுக்குப் போனது. 2023-இல் நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் இறுதியில், அதேபோல் காத்திருந்த மெரிமாக் 67-66 என்று வென்றும், இடம் தோற்ற ஃபேர்லீ டிக்கின்சனுக்கு. அந்த அணிதான் பின்னர் என்சிஏஏ போட்டியில் பலம் வாய்ந்த பர்டூவை 63-58 என்று வீழ்த்தியது. ஒரே சிக்கல், இரண்டு தீர்வு. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கான்ஃபரன்ஸின் விதியைப் படியுங்கள்.

கேள்வி: ஓவர்டைமில் ஃபவுல் கணக்கு புதிதாகத் தொடங்குமா?

இல்லை. ஐந்தானால் வெளியே, எத்தனை ஓவர்டைம் ஆனாலும். 2009 காலிறுதியில் சிரக்யூஸ் யூகானை ஆறு ஓவர்டைமில் 127-117 என்று வென்றபோது எட்டுப் பேர் ஃபவுலில் வெளியேறியிருந்தார்கள். சிரக்யூஸின் ஜானி ஃப்ளின் 67 நிமிடம் ஆடினார்.

கேள்வி: வென்றால் என்சிஏஏ உறுதியா?

மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பெண்கள் போட்டியும் கார்டனில்தானா?

இல்லை. கனெக்டிகட்டில், மோஹிகன் சன் அரங்கில். அங்கே ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகளாக நடக்கும், ஃபவுல் கணக்கும் வேறு. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: வியாழன் ஒரே டிக்கெட்டில் நாலு ஆட்டமும் பார்க்கலாமா?

முடியாது. பகல் இரண்டு ஒரு டிக்கெட், இரவு இரண்டு இன்னொரு டிக்கெட். நடுவில் அரங்கைக் காலி செய்வார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4-5 மோதும் பகல் டிக்கெட்டை வாங்குங்கள்.