ஊமத்தை: ஒரே சட்டிக் கீரை, ஆளுக்கொரு விதம்

(வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்)

ஊமத்தை நஞ்சைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தை எழுதியவரின் மனவேதனை அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிந்ததால், அதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொல்லையில் பறித்த முளைக்கீரையோடு ஊமத்தையின் இளந்தளிர்களும் கலந்துவிட்டதை அறியாமல் பொரியல் செய்துவிட்டோம். வீட்டில் நால்வரும் அதைச் சாப்பிட்டோம். எனக்கு எதுவும் ஆகவில்லை. என் கணவருக்கு நாக்கு வறண்டு, செய்தித்தாளின் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, அவ்வளவுதான். ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி, முகம் சிவந்து, காரணமின்றிச் சிரித்தாள். எழுபத்திரண்டு வயதான என் மாமியார் இரண்டு நாட்கள் பிதற்றினார். இறந்துபோன மாமனாரோடு பேசினார். போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளித் தொடுத்துக்கொண்டே இருந்தார். இப்போது எல்லோரும் நலம். ஆனால் உறவினர்கள், "ஒரே கீரையைத் தின்ற மற்றவர்களுக்கு ஆகாதது இவருக்கு மட்டும் எப்படி ஆகும்? மனத்தில் இருந்ததுதான் வெளியே வந்தது" என்கிறார்கள். மாமியார் வெட்கி யாரிடமும் பேசுவதில்லை. இது உண்மையா? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: உண்மையில்லை. உங்கள் மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: அவருக்கு வந்தது நஞ்சினால் உண்டான ஜன்னி, அதில் அவர் வெட்கப்பட எதுவுமே இல்லை.

ஊமத்தை என்ற பெயரே உன்மத்தம் என்ற சொல்லோடு தொடர்புடையது. சிவனுக்கு உகந்த மலராகத் தேவாரம் போற்றும் மத்தமும் இதுதான். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் இலை, பூ, காய், விதை, வேர் எல்லாவற்றிலும் ஹயோசயமின், ஸ்கோபோலமின், அட்ரோபின் என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. வேகவைப்பதால் இவை அழிந்துவிடுவதில்லை. நம் நரம்புகள் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யவும், வியர்க்க வைக்கவும், குடலையும் சிறுநீர்ப்பையையும் இயக்கவும், மூளையில் கவனத்தையும் நினைவையும் நிலைநிறுத்தவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தூதாக அனுப்புகின்றன. ஊமத்தையின் நஞ்சு அந்தத் தூது போய்ச் சேரவேண்டிய வாசலை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் வாய் வறள்கிறது, வியர்வை நின்று உடல் கொதிக்கிறது, கண்ணின் பாவை விரிந்து கிட்டத்தில் உள்ளது கலங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சிறுநீர் கட்டிக்கொள்கிறது. மூளையின் வாசல்களும் போதிய அளவு அடைபட்டால் சித்தம் கலங்குகிறது. உங்கள் வீட்டில் நால்வருக்கும் நேர்ந்தது ஒரே நோய்தான். அவரவர் உடலில் அது எந்தப் படியில் நின்றது என்பதே வேறுபாடு.

வேறுபாட்டின் முதற்காரணம் மனிதரில் இல்லை, சட்டியில் இருக்கிறது. ஊமத்தையின் நச்சளவு செடிக்குச் செடி மாறும். ஒரே செடியிலும் தளிருக்கும் முற்றிய இலைக்கும், மழைக்காலத்துக்கும் கோடைக்கும் மாறும். பொரியலில் அந்தத் தளிர்கள் ஒரே சீராகக் கலந்திருக்கவும் வாய்ப்பில்லை. யாருடைய தட்டில் எத்தனை விழுந்தன, யார் கீரையை அதிகம் போட்டுக்கொண்டார், யார் வெறும் வயிற்றில் சாப்பிட்டார் என்பதை இன்று யாராலும் சொல்ல இயலாது. பரிமாறிய நீங்கள் கடைசியாக அமர்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறேன். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்! உங்கள் வலிமை உங்களைக் காக்கவில்லை. உங்கள் தட்டு காத்திருக்கக்கூடும்.

அடுத்தது வயது. குழந்தையின் உடல் எடை குறைவு என்பதால் அதே அளவு நஞ்சு அதற்குப் பன்மடங்கு சுமையாகிறது. வியர்வை நின்றதும் குழந்தையின் உடல்சூடு வேகமாக ஏறுகிறது. உங்கள் மகளின் காய்ச்சல் கிருமியால் வந்ததன்று, வெளியேற வழியற்ற வெப்பத்தால் வந்தது. முதியவர்களின் நிலை வேறு. முதுமையில் மூளையின் அசிடைல்கோலின் இருப்பே குறைந்துவருவதால், இளைஞர் தாங்கிக்கொள்ளும் அடைப்பை முதியவரின் மூளை தாங்குவதில்லை. அதிலும் மறதி நோய் மெல்லத் தொடங்கியிருந்தால், அது வெளியே தெரியாத நிலையிலேயே ஜன்னிக்கு இடம் கொடுத்துவிடும்.

இதைவிட முக்கியமானதும் பெரும்பாலோர் கேட்க மறப்பதுமான காரணம், அவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகள். நரம்பு வலிக்கோ தூக்கத்துக்கோ இரவில் தரப்படும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், அடக்க முடியாமல் சிறுநீர் போவதற்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்கான ட்ரைஹெக்சிபெனிடில் ஆகிய அனைத்தும் ஊமத்தை அடைக்கும் அதே வாசலையே வெவ்வேறு அளவில் அடைப்பவை. இவற்றில் ஒன்றை உட்கொள்பவருக்கு வாசல் பாதி மூடியிருக்கும்போதே ஊமத்தை வந்து சேருகிறது. உங்கள் மாமியாரின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். விடை அங்கேயே இருக்கக்கூடும். சிறுநீரகமும் ஈரலும் நஞ்சை வெளியேற்றும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அட்ரோபினில் ஏறத்தாழப் பாதி மாறாமல் சிறுநீர் வழியாகவே போவதால், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மயக்கம் நீடிக்கலாம்.

இவ்வளவு வேறுபாடு உங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த அதிசயமும் அன்று. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1676-இல் ஜேம்ஸ்டவுனில் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேயப் படைவீரர்களில் சிலர் ஊமத்தை இனத்துச் செடி ஒன்றின் இலையைக் கீரையென்று வேகவைத்து உண்டனர். 1705-இல் வெளிவந்த வர்ஜீனியா வரலாற்று நூலில் ராபர்ட் பெவர்லி இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவன் காற்றில் ஓர் இறகை ஊதிக்கொண்டிருக்க, இன்னொருவன் அதன்மேல் வைக்கோல் துரும்புகளைச் சினத்தோடு எறிந்தான். மற்றொருவன் ஆடையின்றி மூலையில் குரங்குபோல் உட்கார்ந்து இளித்தான். வேறொருவன் தோழர்களை முத்தமிட்டுக்கொண்டே இருந்தான். பதினொரு நாட்களுக்குப் பிறகு தெளிந்தபோது அவர்களுக்கு எதுவுமே நினைவில் இல்லை. அச்செடிக்கு அங்கே இன்றளவும் அவ்வூரின் பெயரே வழங்குகிறது. நம் காலத்தில், 2019-இல் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் உதவியாக வழங்கப்பட்ட சத்துமாவில் ஊமத்தையின் நஞ்சு கலந்து ஏறத்தாழ 300 பேர் பாதிக்கப்பட்டனர், ஐவர் உயிரிழந்தனர். அதே மாவைக் கரைத்துக் குடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. இறந்தவர்களின் மனத்தில் ஏதோ இருந்தது என்று யாராவது சொல்வார்களா?

இனி அந்தப் பிதற்றலுக்கு வருகிறேன். ஜன்னி கண்டவர் காற்றிலும் போர்வையிலும் இல்லாத நூலைக் கிள்ளுவது மருத்துவர்கள் நன்கறிந்த அறிகுறி. வெறுமையாகிவிட்ட கவனத்தில் கை தனக்குப் பழகிய வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். உங்கள் மாமியார் பல ஆண்டுகள் பூத்தொடுத்தவராக இருந்தால், அவருடைய விரல்கள் பூத்தொடுத்ததில் வியப்பில்லை. இறந்த கணவரோடு பேசியதும் அவ்வாறே: நினைவில் ஆழப் பதிந்த முகம் முதலில் எழுகிறது. அது மறைத்து வைத்த இரகசியம் அன்று. ஐம்பது ஆண்டு இல்வாழ்க்கையின் தழும்பு. ஸ்கோபோலமின் புதிய நினைவுகள் பதிவதையே தடுப்பதால், அந்த இரண்டு நாட்களில் தான் சொன்னவை அவருக்கு நினைவில் இராது. ஆகவே, "அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களே" என்று யாரும் அவரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் இருப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் மந்திரிக்க அழைத்துச் செல்லாதீர்கள். புளிக்கரைசலோ உப்புநீரோ புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தூங்கட்டும் என்று சளி மாத்திரை கொடுக்காதீர்கள், அது நஞ்சுக்குத் துணைபோகும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை வெளிச்சம் குறைந்த அமைதியான இடத்தில் அவரை வைத்து, அவருக்குப் பழகிய ஒருவரை அருகில் இருக்கச் செய்யுங்கள். உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடையுங்கள். மிச்சக் கீரையையும் செடியின் கிளை ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறிகுறி இல்லாதவர் உட்பட, அதைச் சாப்பிட்ட அனைவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகன், நண்பர்கள் ஊமத்தை விதையைப் போதைக்காகத் தின்று பார்த்ததாகவும், அதில் ஒருவனுக்கு எதுவுமே ஆகவில்லை என்றும் சொல்கிறான். "தாத்தா ஆஸ்துமாவுக்கு இதன் இலையைப் புகைத்தார், நம் குடும்பத்துக்கு இது தாங்கும்" என்று வாதாடுகிறான். குடும்பத்துக்குத் தாங்கும் என்பது உண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கிடையாது. எதுவுமே ஆகாத அந்த நண்பனை வைத்துத்தான் மற்றவர்கள் ஏமாறுகிறார்கள் என்பதால், அவனைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். அவன் தின்ற காயில் நஞ்சு குறைவாக இருந்திருக்கலாம். அடுத்த செடியின் காய் அப்படி இருக்காது. மேலும் இந்த நஞ்சு குடலின் இயக்கத்தையே மந்தப்படுத்துவதால், விழுங்கியது மெல்ல மெல்ல உடலில் சேருகிறது. ஒரு மணி நேரம் ஒன்றும் தோன்றாததைக் கண்டு மேலும் தின்றவர்கள்தாம் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். மற்ற போதைகளைப்போல இதில் இன்பம் இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. இதில் தான் மயங்கியிருக்கிறோம் என்ற அறிவே போய்விடுகிறது. மாடியிலிருந்து இறங்கப் படி இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை அத்தகைய விபத்துகளும், கட்டுக்கடங்காத காய்ச்சலும், இதயத் துடிப்பின் சீர்கேடும்தான்.

தாத்தா புகைத்தது மெய்யாகவே இருக்கும். அந்த வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குச் சென்றது. இங்கே மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடமிருந்து அதைக் கற்ற ஜெனரல் ஜென்ட், 1802-இல் எடின்பரோவின் மருத்துவர் சிம்ஸிடம் கொண்டு சேர்த்தார். பின்னர் ஆஸ்துமா சிகரெட்டுகளாகவே அது கடைகளில் விற்கப்பட்டது. மூச்சுக்குழல் விரிந்த நன்மையோடு, சிலருக்கு வாய் வறட்சியும் பிதற்றலும் வந்ததால் மருத்துவம் அதைக் கைவிட்டது. இன்று இன்ஹேலரில் தரப்படும் இப்ராட்ரோபியம் அட்ரோபினின் வழித்தோன்றல்தான். ஆனால் மூளைக்குள் எளிதில் நுழையாதபடி அது மாற்றி அமைக்கப்பட்டது. உங்கள் தந்தையின் நுரையீரல் பெற்ற ஆறுதலை உங்கள் மகனின் மூளைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதை அவனிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வளர்ப்பு முயல்களில் ஒன்று வேலியோரத்து ஊமத்தை இலையைத் தின்றும் நலமாக இருக்கிறது. விலங்கு தின்பதை மனிதனும் தின்னலாம் என்பார்களே? (பள்ளி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நல்ல கேள்வி. உடலுக்கு உடல் வேறுபாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது. சில முயல்களின் இரத்தத்தில் அட்ரோபினை உடைத்துப் பயனற்றதாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இது பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருகிறது என்பது 1943-லேயே ஆய்வில் வெளியாயிற்று. எல்லா முயல்களுக்கும் இந்த நொதி இல்லை. ஆகவே உன் முயலுக்கு அது இருந்து, அதே கூண்டில் வளரும் மற்றொன்றுக்கு இல்லாமலும் போகலாம். மனிதர்களுக்கு அந்த நொதி கிடையாது. வேலியோரத்துச் செடிகளைப் பெரியவர்களைக் கொண்டு கையுறையோடு பிடுங்கச் செய். மற்ற முயல்களையும் அது காக்கும்.

கேள்வி: சிவராத்திரிக்கு ஊமத்தம்பூ மாலை கட்டிய மறுநாள் என் வலக்கண்ணின் பாவை மட்டும் பெரிதாக, வெளிச்சத்தில் கூசியது. என்னோடு மாலை கட்டிய அக்காவுக்கு ஒன்றுமில்லை. பக்கவாதமோ என்று பயந்துவிட்டேன். (வாசகி, திருவண்ணாமலை)

பதில்: பூவின் சாறு படிந்த விரலால் வலக்கண்ணைத் தேய்த்திருப்பீர்கள், உங்கள் அக்கா தேய்த்திருக்க மாட்டார். கண்ணில் படும் மிகச் சிறிய அளவு சாறே பாவையை விரித்துவிடப் போதும். நம்மைப்போல் கருவிழி கறுத்தவர்களின் கண்ணில், நிறமிப்பொருள் இந்த நஞ்சைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல விடுவிப்பதால், விளைவு தாமதமாகத் தொடங்கிச் சில நாட்கள் நீடிக்கவும் கூடும். தானாகவே சரியாகிவிடும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகியவர்களுக்கு மட்டும் இதே விரிவினால் கண்ணழுத்தம் திடீரென ஏறிக் கடும் வலியும் வாந்தியும் வரலாம். அப்படியானால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாவை விரிந்ததோடு தலைவலி, கை கால் தளர்ச்சி, வாய்க் கோணல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் பூவின்மேல் பழிபோட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது முந்தைய நாள் ஊமத்தம்பூ கட்டியதையும் மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.