குணம், தாது, வாதம்: மருத்துவத்திலும் இலக்கணத்திலும் தத்துவத்திலும் வருவது ஒரே சொல்தானா?

கேள்வி: சித்த, ஆயுர்வேத நூல்களில் வரும் வாதம், தாது, குணம், விகாரம் போன்ற சொற்கள் இலக்கணத்திலும் தத்துவத்திலும் வருகின்றன. எல்லாம் ஒரே பொருள்தானா? மூன்று குணமும் (சத்துவம், ரஜஸ், தமஸ்) மூன்று தோஷமும் (வாதம், பித்தம், கபம்) ஒன்று என்று சிலர் சொல்வது சரியா?

ஒரே பதிலில் முடிக்க முடியாது. சொல்லுக்குச் சொல் கதை வேறு. பழைய மருத்துவ நூல்களின் மறுபதிப்புகளுக்குச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல், தயாரிப்பது என் வேலை. ஆகவே இந்தக் குழப்பத்தோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேன்.

முதலில் வாதம். இது முழுக்க எழுத்து செய்த வேலை. நாம் வளி என்று சொல்லும் வாதம், வீசுதல் என்று பொருள்படும் ‘வா’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. விவாதம், கொள்கை என்ற பொருளில் வரும் வாதம் வேறு சொல்; பேசுதல் என்ற பொருளுள்ள ‘வத்’ அதன் வேர். நாகரியில் இரண்டுக்கும் தகரம் வேறு வேறு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி உச்சரிக்கிறோம். அதனால் கீல்வாதமும் மிதவாதமும் முடக்குவாதமும் பொருள்முதல்வாதமும் பங்காளிகள்போலத் தெரிகின்றன. பக்கவாதம் என்ற சொல்லை முதல்முறை பார்ப்பவர் ‘ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசுவது’ என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சித்தர் நூல்களில் இன்னொரு சிக்கல். வாதம், வைத்தியம், யோகம், ஞானம் என்று அவற்றை வகைப்படுத்துவது வழக்கம். அந்த வரிசையில் முதலில் நிற்கும் வாதம் காற்றும் அல்ல, தர்க்கமும் அல்ல. இரசவாதம், அதாவது உலோகத்தை மாற்றும் வித்தை. ஒரு நூலுக்கு அடைவு போட்டபோது கணினி எல்லாவற்றையும் ‘வாதம்’ என்ற ஒரே தலைப்பில் கொட்டிவிட்டது. வாத நாடி எப்படி நடக்கும் என்ற வரிக்கு அடுத்தே, வாதி (இரசவாதம் செய்பவர்) உலையை ஊது என்ற வரி. மனிதக் கண் உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில் (சுருக்கமாகச் சரகம்) காற்றும் உண்டு, விவாதமும் உண்டு. அதன் விமானஸ்தானம் என்ற பகுதியின் எட்டாம் அத்தியாயத்தில், மருத்துவர்கள் தங்களுக்குள் எப்படி விவாதிக்க வேண்டும் என்று விரிவான பாடமே இருக்கிறது. வாதத்தில் தொடங்கி 44 கலைச்சொற்கள். தர்க்கத்தை விளக்கும் தத்துவப் பிரிவான நியாய தரிசனம் பேசும் ஜல்பமும் (வெல்வதற்காகவே செய்யும் விவாதம்) விதண்டையும் இங்கேயும் வருகின்றன. நாம் இன்று ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று எரிந்து விழுகிறோமே, அதே விதண்டைதான்: தன் கட்சி என்று எதையும் நிறுவாமல், எதிராளி சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டே போவது.

சரி, இதற்கு நேர் எதிரான வகைக்கு, உண்மையிலேயே ஒரே சொல் பல துறையில் வருவதற்கு, வருவோம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். இந்த ஆறில் இடைநிலை, சாரியை இரண்டையும் தள்ளிவிட்டால், மீதி நான்குக்கும் மருத்துவத்தில் ஜோடி உண்டு. பகுதி என்பது பிரகிருதியின் தமிழ் வடிவம் என்பர் (பகு என்ற வினையிலிருந்து வந்தது என்போரும் உண்டு). ஆயுர்வேதத்தில் ஒருவருடைய பிறவி உடல்வாகு பிரகிருதி. விகுதிக்கு விகிருதி, அதாவது அந்த இயல்பிலிருந்து மாறிய நிலை. சந்தி என்றால் மூட்டு. மூட்டில் வரும் வாத நோய் சந்திவாதம். விகாரம் என்றால் நோய்.

‘வந்தனன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வா என்பது பகுதி. அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். த் சந்தி, அது ந் ஆனது மறுபடியும் விகாரம். அடுத்த த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் விகுதி. இலக்கண ஆசிரியர் விகாரம் என்று சொல்லும்போது அதில் குறை எதுவும் இல்லை. வா குறுகாமல் இருந்திருந்தால்தான் வம்பு. மருத்துவரோ அதே சொல்லை, சரி செய்ய வேண்டிய ஒன்றுக்குப் பயன்படுத்துகிறார். தாதுக்கள் (உடலைத் தாங்கும் கூறுகள்) சமநிலையில் இருப்பது பிரகிருதி, அது குலைவது விகாரம் என்று சரகத்தின் சூத்திரஸ்தானம் வரையறுக்கிறது. சாங்கியம் என்ற தத்துவப் பிரிவிலும் மூன்று குணங்கள் சமநிலையில் இருப்பதுதான் பிரகிருதி. ஆனால் அங்கே சமநிலை குலைந்தால் நோய் வராது. புத்தியும் அகங்காரமும் ஐம்பூதங்களும் தோன்றி உலகமே விரியும். மூலநிலை ஒன்று, அதிலிருந்து மாறியது ஒன்று என்ற எண்ணம் மூன்று துறைக்கும் பொது. மாறியது நல்லதா கெட்டதா என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. பேச்சுவழக்கில் ‘அந்தப் பிரகிருதி மறுபடியும் வந்துட்டானா’ என்று அலுத்துக்கொள்வதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தத்துவச் சொல்லை மருத்துவம் தெரிந்தே வாங்கி வேறு வேலைக்கு வைத்துக்கொண்டதும் உண்டு. திரவியம், குணம், கர்மம், சாமானியம், விசேஷம், சமவாயம் என்று வைசேஷிகம் என்ற தத்துவப் பிரிவு உலகிலுள்ளவற்றைப் பிரிக்கும் ஆறு பதார்த்தங்களும் (வகைகளும்) சரகத்தின் முதல் அத்தியாயத்திலேயே வருகின்றன. வைசேஷிகனுக்குச் சாமானியம் என்பது எல்லாப் பசுக்களுக்கும் பொதுவான பசுத்தன்மை போன்றது. சரகத்திலோ அது சிகிச்சை விதி: ஒத்தது ஒத்ததைக் கூட்டும், மாறானது குறைக்கும். மாமிசம் தின்றால் உடலில் மாமிசம் கூடும் என்பது அந்தக் கணக்குதான்.

தாதுவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவத்தில் உடலைத் தாங்கும் ஏழு கட்டுகள், வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் மரபில் ஏறத்தாழ 2000 வினைவேர்கள், பௌத்தத்தில் புலன், புலப்பொருள், அறிவு என்று 18, தவிர புத்தரின் உடல் எச்சம், கனிமம். எல்லாவற்றிலும் அடிப்படைக் கூறு என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்தப் பொருள் என்று தடுமாறினால் நான் செய்வது இதுதான்: அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்குக் கூட்டாளி யார் என்று பார்ப்பேன். வாதம் பித்தத்தோடும் கபத்தோடும் வந்தால் காற்று, ஜல்பத்தோடு வந்தால் பேச்சு. லிங்கம் நிதானத்தோடு வந்தால் நோயின் அறிகுறி, வசனத்தோடு (ஒருமை, பன்மை) வந்தால் ஆண்பால் பெண்பால், கந்தகத்தோடும் பாதரசத்தோடும் வந்தால் சாதிலிங்கம் என்ற மருந்துச் சரக்கு. தலைப்பை நம்புவதைவிட இது பாதுகாப்பு. நிதானத்துக்கே இதே சோதனை தேவை. மருத்துவத்தில் அது நோயின் காரணம், பௌத்தத்தில் துன்பம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் பன்னிரு சார்புகளில் ஒவ்வொன்றும், நம் வீட்டில் ‘நிதானமாகப் போ’.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சத்துவம், ரஜஸ், தமஸ் மூன்றும், வாதம், பித்தம், கபம் மூன்றும் எண்ணிக்கையில் ஒத்துப்போவதால் ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டு அட்டவணை தயாரிப்பவர்கள் நிறைய. சரகம் அப்படிச் சொல்லவில்லை. உடலின் தோஷங்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. மனத்தின் தோஷங்கள் ரஜஸ், தமஸ் என்று இரண்டே இரண்டு. சத்துவம் தோஷப் பட்டியலிலேயே இல்லை. அப்புறம், குணம் என்ற சொல்லே அந்த நூலில் பெரும்பாலும் வேறு வேலை பார்க்கிறது: கனம்–லேசு, குளிர்ச்சி–சூடு, நெய்ப்பு–வறட்சி என்று பத்து ஜோடிகளாக வரும் 20 குணங்கள். மருந்தையும் உணவையும் எடைபோட இவைதான் பயன்படுகின்றன. வைசேஷிகச் சூத்திரம் எண்ணும் குணங்கள் 17. பின்னால் வந்தவர்கள் 24 ஆக்கினார்கள். சுர + இந்திரன் ‘சுரேந்திரன்’ ஆகும் உயிரெழுத்து மாற்றமும் வடமொழி இலக்கணத்தாருக்குக் குணம்தான்.

சிகிச்சையிலும் இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. உடல் தோஷத்துக்கு வழிபாடும் மருந்தும். மன தோஷத்துக்கு ஞானம், விஞ்ஞானம், தைரியம், நினைவு, சமாதி என்று ஐந்து. இதில் விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தில் செய்வது அல்ல, சமாதி மன ஒருமைப்பாடு. அட்டவணை போடுபவர்கள் இந்த இடத்தைப் படித்துவிட்டுப் போடலாம்.