வெயில் தள்ளிய கற்கள்

கேள்வி: ஒரே பாறை உடைந்து சிதறியதால் உண்டானவைதான் சிறுகோள் குடும்பங்கள் என்று படித்தேன். மோதிய வேகம் மட்டுமா அவற்றை இவ்வளவு தூரம் பிரித்தது? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: இல்லை. மோதல் தொடங்கி வைத்தது. அப்புறம் சின்னக் கற்களை நகர்த்தியது வெயில்தான்.

மே மாதம் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், இன்னும் சுடும். வாங்கிய சூட்டைத் தரை தாமதமாகத்தான் விடுகிறது. சுழலும் சிறுகோளிலும் பிற்பகல் பக்கம்தான் அதிகச் சூடு. அங்கிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் கல்லை எதிர்ப்பக்கமாக லேசாகத் தள்ளும். சூரியனைச் சுற்றும் திசையிலேயே தானும் சுழலும் கல் சூரியனிலிருந்து விலகி வெளியே நகரும், எதிர்த்திசையில் சுழல்வது சூரியனை நோக்கி உள்ளே வரும். இதுதான் யார்கோவ்ஸ்கி விளைவு. அரை கிலோமீட்டர் அகலமுள்ள பென்னு (Bennu) என்ற சிறுகோளில் இதை அளந்தே விட்டார்கள்: ஆண்டுக்கு 284 மீட்டர், உள்நோக்கி. இவ்வளவுதானா என்று தோன்றும். அதே வேகத்தில் பத்து லட்சம் ஆண்டு போனால் 2,84,000 கி.மீ.!

எனக்கு மிகவும் பிடித்தது கொரோனிஸ் குடும்பம். 1918இல் ஜப்பானிய வானியலாளர் ஹிராயாமா முதன்முதலில் அடையாளம் கண்ட மூன்றில் ஒன்று. 1993இல் கலிலியோ விண்கலம் படமெடுத்த இடா இதைச் சேர்ந்ததுதான். இந்தக் குடும்பத்தின் உட்பாதியைவிட வெளிப்பாதியில் பாதைகள் வட்டத்திலிருந்து விலகி நீள்வட்டமாக அதிகம் நீண்டிருக்கும். வெறும் மோதலை வைத்து இந்த வடிவத்தை விளக்கவே முடியவில்லை. 2001இல் வில்லியம் பாட்கே குழு விடை கண்டது. வெயிலால் வெளியே நகரும் கற்கள், சூரியனிலிருந்து 2.92 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்) தூரத்தில் ஓர் ஒத்திசைவைக் கடக்கின்றன. வியாழன், சனி இரண்டின் பாதைகளும் மெல்லத் திரும்பும் தாளத்தோடு கல்லின் பாதை ஒத்துப்போகும் இடம் அது. கடக்கும்போது பாதை நீண்டுவிடுகிறது. கல் அந்த இடத்தைத் தாண்டி நகர்ந்துவிடுகிறது, நீட்சி தங்கிவிடுகிறது.

குடும்பத்தின் இரு ஓரங்களிலும் நிற்கும் ஒத்திசைவுகள் இன்னும் கடுமையானவை. 2.82 அலகில், வியாழன் இரண்டு சுற்று முடிப்பதற்குள் கல் ஐந்து சுற்று முடிக்கும். 2.96இல் மூன்றுக்கு ஏழு. அங்கே போய்ச் சேரும் கல்லை வியாழன் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் இழுக்கும். பாதை நீண்டுகொண்டே போய், பெரும்பாலும் அந்தக் கல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையைவிட்டே வெளியேறிவிடும்.

கணினி இருந்தால், இந்தக் குடும்பத்தின் கற்களுக்குத் தூரத்தை ஒரு அச்சிலும் பாதையின் நீட்சியை மற்றதிலும் புள்ளி வைத்துப் பாருங்கள். 2.92இல் நீட்சி ஒரு படிக்கட்டுபோல் உயர்வது கண்ணுக்கே தெரியும்.