தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கேமராவின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாமா?

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மிரர்லெஸ் கேமராவுக்குப் புதிய ஃபர்ம்வேர், அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், வந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. தம்பி காவடி எடுக்கிறார். படம் எடுக்கும் பொறுப்பு இவருடையது. எப்போதும் புதிய பதிப்புதான் நல்லது என்று ஒரு நண்பரும், ஒழுங்காக ஓடுகிற கருவியில் கை வைக்காதே என்று இன்னொருவரும் சொல்கிறார்களாம்.

இப்போது போடாதீர்கள்; தைப்பூசம் முடிந்த பிறகு போடுங்கள் என்பதே என் பதில். ஜார்ஜ்டவுனில் பல ஆண்டுகளாகத் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் படமெடுத்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, புதிய பதிப்போடு நிறுவனம் வெளியிடும் மாற்றக் குறிப்பை வரி வரியாகப் படிப்பது. ஒவ்வொரு வரியிலும், ‘இந்தக் கோளாறு எனக்கு வந்திருக்கிறதா, இந்த வசதி என் வேலைக்கு வேண்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் வைத்திராத லென்ஸுக்கான திருத்தம் உங்களுக்குப் பயன்படாது. அதே வேளையில், பழைய கருவிக்கு மறுவாழ்வு கொடுத்த பதிப்புகளும் உண்டு. 2018-இல் வந்த ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி3 கேமராவுக்கு 2020 அக்டோபரில் வெளியான 4.00 பதிப்பு, அதற்குப் பின்னால் வந்த எக்ஸ்-டி4 கேமராவின் தானியங்கிக் குவியத் (ஆட்டோஃபோகஸ்) திறனையே கொண்டுவந்து சேர்த்தது. வைத்திருந்தவர்கள் அதற்காக ஒரு காசும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை.

கேனன் 5டி மார்க் 2 கேமராவின் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இரு தரப்பு வாதமும் அடங்கியிருக்கிறது. 2008 இறுதியில் அது விற்பனைக்கு வந்தபோது காணொளியை நொடிக்கு 30 சட்டங்களாக (ஃபிரேம்) மட்டுமே பதிவு செய்தது. ஷட்டர் வேகத்தையும், அதாவது ஒவ்வொரு சட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்பதையும், கேமராவே முடிவு செய்தது. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் வைத்த பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். ஷட்டர் வேகம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு சட்டம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் பதிவாகி, மண்டபச் சுவரே மூச்சு விடுவது போல் திரையில் தெரியும். 2009 ஜூனில் வந்த பதிப்பு காணொளியில் ஷட்டர் வேகத்தை நாமே அமைக்கும் வசதியைத் தந்தது. 1/50 நொடி என்று வைத்ததும் அந்தத் துடிப்பு அடங்கியது. 2010 மார்ச்சில் வந்த 2.0.3 பதிப்பு 24, 25 சட்ட வேகங்களையும் சேர்த்தது. நம்மைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாட்டவர்கள் காத்திருந்த பதிப்பு அது. ஆனால் அதில் ஒலிப்பதிவுக் கோளாறு இருப்பது தெரியவந்ததால் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே மாதத்தில் 2.0.4 பதிப்பை வெளியிட்டது. முதல் நாளே போட்டவர்கள் கோளாறையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்தவர்களுக்கு நல்லது மட்டும் கிடைத்தது. இதனால்தான் எந்தப் பதிப்பானாலும் வெளிவந்து ஒரு மாதம் ஆகும்வரை நான் தொடுவதில்லை.

அந்தப் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் திருமணத்துக்கு முந்தின இரவு, வேறொரு கேமராவில் புதிய பதிப்பைப் போட்டேன். முழுதாக மின்னேற்றிய பேட்டரி வேண்டும் என்று குறிப்பில் இருந்ததால், கேமராவோடு வந்த அசல் பேட்டரியை வைத்தே அந்த வேலையை முடித்து, நான்கைந்து படங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் மாப்பிள்ளை மணவறைக்கு வந்து அமர்ந்த சிறிது நேரத்தில் அந்தப் பேட்டரி சிவப்புக்கு வந்தது. பையில் இருந்த மாற்றுப் பேட்டரி இரண்டும் வேறு நிறுவனம் தயாரித்தவை. அதுவரை இரண்டு ஆண்டுகள் குறையில்லாமல் உழைத்தவை. ஒன்றைப் போட்டதும், ‘இந்தப் பேட்டரியைப் பயன்படுத்த முடியாது’ என்று திரையில் ஒரு வரி வந்து கேமரா அணைந்தது. மற்றதும் அப்படியே. கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியபோது, தீர்ந்துபோன பழைய பேட்டரியையே மீண்டும் செருகி, சிவப்புக் குறி மின்னிக்கொண்டிருக்கத் தாலி கட்டும் காட்சியைப் பதினொரு படங்கள் எடுத்தேன். பன்னிரண்டாவதற்குக் கேமரா எழவில்லை. மணப்பெண்ணின் தாயார் அன்று என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

புதிய பதிப்பைப் போட்ட பிறகு கேமரா இயங்குகிறதா என்று பார்த்தால் போதாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். உங்களிடம் உள்ள ஒவ்வொரு பேட்டரி, லென்ஸ், அடாப்டர், ஃபிளாஷ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். வேறு நிறுவன லென்ஸ்களில் குவியம் தடுமாறுவது இப்படி ஒரு பதிப்புக்குப் பின்னர் தொடங்கக்கூடும். அதைச் சரிசெய்ய அந்த லென்ஸ் நிறுவனம் தனியாக ஒரு ஃபர்ம்வேர் வெளியிடும்வரை நீங்கள் காத்திருக்க நேரும். பெரும்பாலான கேமராக்களில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் இல்லை.

போடும் முறை எளிது. கேமராவிலேயே மெமரி கார்டை ஃபார்மட் செய்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்கிய கோப்பை எந்த உறைக்குள்ளும் (ஃபோல்டர்) வைக்காமல் கார்டில் நேராகப் போட்டு, கேமரா மெனுவிலிருந்து தொடங்க வேண்டும். சில கேமராக்களுக்குக் கணினியோடு கம்பி வழியாக இணைக்க வேண்டியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் கேமரா மீண்டும் எழாமல் போகலாம். பிறகு சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் அமைப்புகளை முன்கூட்டியே வேறொரு கார்டில் சேமித்துவிடுங்கள், சில பதிப்புகள் அவற்றை அழித்துவிடும்.

ஒரு விதிவிலக்கு, பாதுகாப்புத் திருத்தம். 2019 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேனன் இஓஎஸ் 80டி கேமராவுக்குள் வைஃபை வழியாகவும் யூஎஸ்பி வழியாகவும் நுழைந்து, கார்டில் உள்ள படங்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலை ஓட்ட முடியும் என்று செய்து காட்டினார்கள். அதற்குத் திருத்தம் வெளியானது. இத்தகைய திருத்தத்தைத் தவிர்ப்பது சரியல்ல. எனினும் பத்து நாள் தள்ளிப்போட வேண்டியிருந்தால், தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலைக் கூட்டத்தில் கேமராவின் வைஃபையை அணைத்து வைத்தாலே அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

உங்கள் கேமராவுக்கு வந்த குறிப்பில், தம்பியின் காவடியை எடுப்பதற்குத் தடையாக ஏற்கெனவே நீங்கள் அனுபவித்துவரும் கோளாறு ஏதாவது பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் இன்றே போட்டுவிட்டு, மிச்சமுள்ள நாள்களில் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். இல்லையென்றால், தைப்பூச வெள்ளி ரதம் தான் புறப்பட்ட பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டுக்குத் திரும்பி, எடுத்த படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்த பிறகு, வேலை எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உட்கார்ந்து செய்யுங்கள்.